ஓடும் குவார்ட்டர்பேக்கை மடக்க: தம்பிக்கு அக்கா சொல்லும் வழிகள்

தம்பி, வெள்ளிக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் நீங்கள் மோதப்போகும் அணியின் குவார்ட்டர்பேக் எறிவதைவிட ஓடுவதில்தான் கெட்டிக்காரன் என்றாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவனை நானே பிடித்துக்காட்டுகிறேன் என்ற வெறியோடு மட்டும் களமிறங்காதே. அவனுக்கு வேண்டியதே அதுதான். தன் இடத்தை விட்டுத் துரத்துகிற ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும், அந்த இடத்தின் வழியாகவே போய்விடுவான்.

இதில் உள்ள கணக்கைப் புரிந்துகொள். ரன்னிங்பேக் ஓடும்போது குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவான். பிளாக் செய்ய மிஞ்சுவது 9 பேர். குவார்ட்டர்பேக்கே ஓடினால் 10 பேரும் அவனுக்காக பிளாக் செய்யலாம். உங்கள் பக்கம் உபரியாக இருந்த ஒரு ஆள் காணாமல் போகிறான். அதனால்தான் இவனுக்கு எதிராக ஒருவர் தவறினாலும் அடைக்க ஆள் இருப்பதில்லை.

நீ டிஃபென்சிவ் எண்ட் என்பதால் ஸோன் ரீட் உன்னைத்தான் குறிவைக்கும். ஸ்னாப் ஆனதும் உன்னை யாரும் தடுக்கவில்லை என்றால் சந்தோஷப்படாதே, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங்பேக்கின் வயிற்றருகே நீட்டிக்கொண்டே உன்னைப் பார்ப்பான். நீ உள்ளே பாய்ந்தால் பந்தை இழுத்துக்கொண்டு நீ விட்ட ஓரத்தில் ஓடுவான். நீ நின்றால் கொடுத்துவிடுவான். 2013 ஜனவரியில் கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் காலின் கேப்பர்னிக் 181 யார்டு ஓடினார். அதில் 56 யார்டு டச்டவுன் ஒன்று, ஓரத்தில் நின்றவர் ரன்னிங்பேக்கை நம்பி உள்ளே போனதால் வந்தது. 45-31 என்று தோற்ற பேக்கர்ஸின் கோச்சுகள் அடுத்த சீசனுக்கு முன்பு இந்த ஆட்டமுறையைப் படிக்க டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கே போனார்கள்.

உனக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, தோள்களை நேராக வைத்துக்கொண்டு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து அவனைத் தயங்கவைப்பது. அவன் ஒரு நொடி யோசித்தாலே உன் நண்பர்கள் வந்துசேர்ந்துவிடுவார்கள். மற்றொன்று ஸ்கிரேப் எக்ஸ்சேஞ்ச். நீ ரன்னிங்பேக் மீது பாய்வாய், அதே நேரம் லைன்பேக்கர் உனக்குப் பின்னால் சுற்றி ஓரத்துக்கு வருவான். ஓரம் காலி என்று நினைத்துப் பந்தை இழுத்த குவார்ட்டர்பேக் நேராக அவன் கையில் விழுவான். எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் இதை ஸ்னாப்புக்கு முன்பே இருவரும் பேசிவைத்திருக்க வேண்டும், இருவரும் உள்ளே போனால் கதை முடிந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரே மாதிரி செய்தால் இரண்டாவது குவார்ட்டருக்குள் கண்டுபிடித்துவிடுவான்.

பாஸ் ஆட்டத்தில் நிலைமை வேறு. எறியும் முன்பே அவனை வீழ்த்தும் சாக் ஆசையில் நீ குவார்ட்டர்பேக்கைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால், உனக்கும் டேக்கிளுக்கும் நடுவே வாசல் திறந்துவிடும். கபடியில் பாடி வருபவனைப் பிடிக்க ஒருவன் மட்டும் முந்திப் பாய்ந்தால் சங்கிலி அறுந்துபோகுமே, அதுதான் இங்கேயும். குவார்ட்டர்பேக் நிற்கும் ஆழத்துக்கு மேல் போகாதே. உள்ளே சுழன்று நுழையும் வித்தையை இந்த ஒரு வாரம் மறந்துவிடு. நடுவில் இருப்பவர்கள் எதிரிலிருப்பவனைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போகட்டும், நான்கு பேரும் ஒரே வரிசையாக நெருங்குங்கள். சாக் குறைவாகத்தான் கிடைக்கும், பரவாயில்லை. எதிரணிக் குவார்ட்டர்பேக் வலக்கைக்காரனாக இருந்தால் இடப்பக்கம் ஓடவிடுங்கள். ஓடிக்கொண்டே அந்தப் பக்கம் எறிவது அவனுக்குச் சிரமம்.

பின்னால் நிற்பவர்களுக்கும் சொல். மேன் கவரேஜில் எல்லோரும் ரிசீவரைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுவார்கள், குவார்ட்டர்பேக் கிளம்பியதே யாருக்கும் தெரியாது. ஸோன் கவரேஜில் கண்கள் அவன் மீதே இருக்கும். அவன் ஸ்கிரிமேஜ் கோட்டைத் தாண்டும்வரை எறியலாம் என்பதால், அதுவரை கார்னர்பேக்குகள் ரிசீவரை விட்டு ஓடிவரக் கூடாது. பெரிய பாஸ்கள் அப்படித்தான் விழுகின்றன.

எல்லோரும் உடனே "ஒரு ஸ்பை போடு" என்பார்கள், அதாவது குவார்ட்டர்பேக்கை மட்டுமே கண்காணிக்க ஒரு ஆள். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஸ்பைக்கு ஒருவரை ஒதுக்கினால் கவரேஜில் ஒருவர் குறைவார், அந்த ஸ்பையும் அவனைவிட மெதுவானவர் என்றால் இரண்டு பக்கமும் நஷ்டம். 2019 ஜனவரியில் பால்டிமோர் ரேவன்ஸின் லமார் ஜாக்சனுக்கு எதிராக சார்ஜர்ஸ் செய்ததைப் பார். கனமான லைன்பேக்கர்களை உட்காரவைத்துவிட்டு, ஆட்டம் முழுக்க ஏறக்குறைய 7 டிஃபென்சிவ் பேக்குகளோடு ஆடினார்கள். வேகத்துக்கு வேகம். நான்காவது குவார்ட்டரில் 23-3 என்று முன்னிலை பெற்று, கடைசியில் 23-17 என்று வென்றார்கள். உங்கள் அணியிலும் வேகமான சேஃப்டி ஒருவனை லைன்பேக்கர் இடத்தில் நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பார். 2021 நவம்பரில் மயாமி டால்ஃபின்ஸ் அதே ஜாக்சன் மீது சேஃப்டிகளைத் திரும்பத் திரும்ப பிளிட்ஸ் அனுப்பி 22-10 என்று ஜெயித்தது உண்மைதான். ஆனால் அது தப்பினால் பின்னால் யாருமே இல்லை. பள்ளி ஆட்டத்தில் அதை நம்பியிருக்காதே.

பிடிக்கும்போது இடுப்பைப் பார். தோளும் தலையும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. நெருங்கியதும் அடிகளைச் சுருக்கு, பாயாதே. தலையைக் குனிந்து ஹெல்மெட்டால் மோதவே கூடாது. உன் கழுத்து எந்த ஆட்டத்தையும்விட எனக்குப் பெரிது. அவன் கால்களை முன்னே நீட்டிச் சறுக்கினால் விட்டுவிடு, அதன்பிறகு அடித்தால் 15 யார்டு போய்விடும்.

அவன் சில தடவை ஓடத்தான் செய்வான், அதற்காக மனம் உடையாதே. 2020 ஜனவரியில் ஜாக்சன் 143 யார்டு ஓடியும் டென்னசி டைட்டன்ஸ் 28-12 என்று வென்றது. ஆரம்பத்திலேயே 14-0 என்று முந்திக்கொண்டதால் ரேவன்ஸ் எறிந்தே ஆக வேண்டியதாயிற்று. அன்று ஜாக்சன் 59 பாஸ் எறிந்தார். ஒரு யார்டு தேவைப்பட்ட நான்காவது டவுனில் இரண்டு முறை ரேவன்ஸை மடக்கினார்கள். யார்டைக் கொடுத்தாலும் புள்ளியைக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த வாரப் பயிற்சியில் உங்கள் அணியிலேயே வேகமான பையனைக் குவார்ட்டர்பேக்காக நிறுத்தச் சொல்லி கோச்சிடம் கேள். ஸ்கிரேப் எக்ஸ்சேஞ்சை உன் பக்கத்து லைன்பேக்கரோடு தினமும் பழகு. ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் முன்னால் அவனிடம் வாய்விட்டுச் சொல்: உள்ளே யார், வெளியே யார்.