வறுமை பற்றி நாம் நம்புவதும் புத்தூர் காட்டுவதும்

வறுமையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நம் ஊரில் எல்லோரிடமும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. டீக்கடையில் கேட்கலாம், கல்யாணப் பந்தியில் கேட்கலாம், ரேஷன் கடை வரிசையில் ஏழைகளே ஏழைகளைப் பற்றிச் சொல்லவும் கேட்கலாம். அவற்றில் சில அரை உண்மை, சில முழுப் பொய். வெறும் பேச்சாகவே நின்றுவிட்டால் கவலையில்லை. குடியிருப்போர் சங்கத்திலும் வார்டு கூட்டத்திலும் கோவில் அன்னதானக் கமிட்டியிலும் யாருக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது இவையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆகவே திருச்சி புத்தூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் வைத்தே இவற்றைச் சரிபார்ப்போம்.

“குடிச்சே அழியுறாங்க. உழைச்சா ஏன் ஏழையா இருக்கப் போறாங்க?”

குடி குடும்பத்தைக் கெடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கூலியில் பாதி டாஸ்மாக்கில் போய்விடும் வீடுகள் எல்லாப் பேட்டையிலும் உண்டு. ஆனால் சோற்றுக்குக் குறைவில்லாமல் இருந்த ஒரு குடும்பம் எப்படி ஏழையாகிறது? அனிருத் கிருஷ்ணா என்ற அறிஞர் ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம், கென்யா, உகாண்டா, பெரு எனப் பல இடங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் இதைக் கேட்டார். 2010-ல் அதை நூலாகவும் வெளியிட்டார். எங்கே போனாலும் முதலிடத்தில் நின்ற காரணம் நோயும் அதற்கான செலவும்தான். குடியாலும் சோம்பலாலும் நொடித்துப்போனவை மிகச் சில குடும்பங்களே.

அவர் கண்ட இன்னொன்றையும் நாம் மனதில் வைக்க வேண்டும். ஒரே ஊரில், ஒரே பத்தாண்டில், சில குடும்பங்கள் வறுமையிலிருந்து ஏறுகின்றன, வேறு சில அதே நேரத்தில் விழுகின்றன. ஏறுபவர்களுக்குக் கை கொடுப்பதைப் பற்றியே நாம் பேசுகிறோம். விழாமல் தடுப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

புத்தூர்க்காரர்களுக்கு இதைத் தெரிந்துகொள்ள ஆய்வு வேண்டாம். மாவட்டத்தின் பெரியாஸ்பத்திரி இங்கேதான் இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை, கட்டிலுக்கும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கே அவர் கூலி நிற்கிறது. துணைக்கு இருக்கும் மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் என்றால் அந்தச் சம்பளமும் நிற்கிறது. இரண்டு வாரம் ஆளைக் காணவில்லை என்றால் அந்த வீட்டுக்காரர்கள் வேறு ஆள் வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே சாப்பாடு, ஆட்டோ, ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளைகளுக்குச் செலவு. முதலில் தோடு அடகுக்குப் போகிறது, பிறகு தண்டல். கட்டு பிரிக்கும் நாளில் கால் கூடியிருக்கும், கடனும் ஏறியிருக்கும்.

“அதான் இன்சூரன்ஸ் கார்டு இருக்கே!”

இருக்கிறது, நல்ல திட்டம்தான். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்.

சிக்கல் அட்டை எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. நன்றாக இருக்கும்போது யாரும் இதற்காக ஒரு நாள் கூலியை விட்டு அலைய மாட்டார்கள். ஆளைச் சேர்த்த பிறகுதான் ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்கும், அங்கிருந்து கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்கும் ஓடுகிறார்கள். ஓடுவதற்கு வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளின் கூலியும் போகும்.

அட்டை கையில் இருந்தாலும் இழந்த கூலியை அது தராது. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் அது உதவாது. அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. அதை நாம் சுகாதாரத் திட்டமாக மட்டும் பார்க்கிறோம். மாத்திரைக்காக அரை நாள் கூலியை விடவேண்டியதில்லை, மாத்திரையை நிறுத்திப் பக்கவாதத்தில் விழவேண்டியதும் இல்லை. என் கணக்கில் அது வறுமை ஒழிப்புத் திட்டம்தான்.

“சும்மா கொடுத்தா கெட்டுப் போயிடுவாங்க”

இந்தப் பேச்சு திருச்சிக்குப் புதிதல்ல. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த பாப்பாக்குறிச்சி நம் மாவட்டத்து ஊர். காமராஜர் காலத்து மதிய உணவை இன்னும் நிறையப் பிள்ளைகளுக்கு விரிவாக்கிய திட்டம் அது. கஜானா காலியாகும் என்றவர்களும் ஓட்டுக்காகப் போடும் சோறு என்றவர்களும் அன்று நிறையப் பேர். 2001-ல் சமைத்த மதிய உணவை நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. இந்தியாவில் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களின் பிள்ளைகளிடம் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குறை குறைவாக இருக்கிறது என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு தலைமுறைக்குப் போட்ட சோறு அடுத்த தலைமுறையின் எலும்பில் ஏறியிருக்கிறது!

பணமாகக் கொடுத்தால்? வளரும் நாடுகளில் ஏழு பண உதவித் திட்டங்களைப் பொருளியலாளர் அபிஜித் பானர்ஜியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. உதவிப் பணம் குடிக்கும் புகைக்கும் போகிறதா என்று பார்த்த வேறு ஆய்வுகளிலும் அந்தச் செலவு ஏறவில்லை. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை ‘வீண்’ என்று சொல்பவர்கள், தங்கள் தெருவில் அதை வாங்கும் பெண் எதற்குச் செலவழிக்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

“கடன் கொடுத்தா போதும், முன்னேறிடுவாங்க”

இது நல்லெண்ணத்தில் சொல்வது. அதனால்தான் இதைத் திருத்துவது கடினம். மகளிர் சுய உதவிக் குழுக்களை 1989-ல் தருமபுரியில் தொடங்கிவைத்த மாநிலம் நம்முடையது. குழுவாகச் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, வங்கிக்குப் போய்க் கையெழுத்திட்ட பெண்கள் இந்த மாநிலத்தை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் சேமிப்பில் தொடங்கும் குழு வேறு, வாரத் தவணைக்கு வீடு வீடாக வந்து கடன் தரும் நுண்கடன் கம்பெனி வேறு. இரண்டையும் ‘குழுக் கடன்’ என்ற ஒரே பெயரில் சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம்.

ஐதராபாத்தில் நுண்கடன் கம்பெனி ஒன்று கிளை திறந்த பேட்டைகளையும் திறக்காத பேட்டைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2015-ல் வெளியானது. ஏற்கெனவே தொழில் நடத்தியவர்கள் கொஞ்சம் விரிவாக்கினார்கள். மற்றபடி வீட்டுச் செலவு செய்யும் சக்தி கூடவில்லை. கடன் வாங்கி மருத்துவச் செலவு செய்த வீட்டுக்கு இன்னொரு கடன் எப்படி உதவும்? ஒரு கம்பெனியின் தவணைக்கு இன்னொரு கம்பெனியில் வாங்கும் பெண்கள் எந்தத் தெருவிலும் இருக்கிறார்கள். வசூல் மிரட்டல் தாங்க முடியாமல் போய்த்தான் 2025-ல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது.

அதே 2015-ல் ஆறு நாடுகளில் நடந்த இன்னொரு சோதனையின் முடிவும் வந்தது. மிக ஏழைக் குடும்பத்துக்கு ஆடோ மாடோ சிறு தொழிலுக்கான பொருளோ கொடுத்து, முதல் சில மாதச் சாப்பாட்டுக்குப் பணமும் கொடுத்து, பயிற்சி தந்து, வாராவாரம் ஆள் போய்ப் பார்த்தார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் அந்தக் குடும்பங்கள் மேலேயே நின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் கொடுத்து மற்றதை விட்டுவிடுவதுதான் நம் வழக்கம்.

“அந்த ஜனங்களுக்கு எதையும் பராமரிக்கத் தெரியாது”

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கோபப்படுத்துவது இது. இதற்குள் சாதி ஒளிந்திருக்கிறது. இதைப் பொய்யாக்கிய ஊர் திருச்சி என்பதை இங்கேயே பலர் மறந்துவிட்டார்கள்.

மாநகராட்சி கட்டிய பொதுக் கழிப்பறைகள் நாறிக் கிடந்த காலத்தில், 1987 முதல் இங்கே இயங்கும் கிராமாலயா தொண்டு நிறுவனம், குடிசைப்பகுதிப் பெண்களிடமே அவற்றை ஒப்படைக்கும் வேலையில் இறங்கியது. தெருவுக்குத் தெரு பெண்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். ஒருவர் வாசலில் உட்கார்ந்து ஐம்பது பைசாவோ ஒரு ரூபாயோ வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பார். இன்னொருவர் உள்ளே டோக்கனை வாங்கிக்கொள்வார். ராத்திரி காசையும் டோக்கனையும் எண்ணினால் கணக்கு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தெருவுக்கே தெரியும். அந்தப் பணத்தில் கரண்ட் பில், பினாயில், சுத்தம் செய்பவர் சம்பளம், மோட்டார் ரிப்பேர் எல்லாம் நடந்தன. மிச்சம் தெருவின் பொது வேலைக்கு. பெரிய பட்டப்படிப்பு படித்தவர்கள் எழுதிய திட்டங்களில் காணாத தணிக்கை முறை அந்த டோக்கனில் இருந்தது.

2002-ல் திருச்சி கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிக்காத நாட்டின் முதல் நகரக் குடிசைப்பகுதி என்று அறிவிக்கப்பட்டது. தூய்மை இந்தியா திட்டம் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு. கிராமாலயாவின் தாமோதரனுக்கு 2022-லும், முசிறிப் பக்கம் சூழல் காக்கும் கழிப்பறைகளைப் பரப்பிய ஸ்கோப் அமைப்பின் மராச்சி சுப்புராமனுக்கு 2021-லும் பத்மஸ்ரீ வந்தது. விருது அவர்கள் பெயரில் வந்தாலும், வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்த பெண்கள்தான் அந்த வேலையின் முதுகெலும்பு.

கழிப்பறைக்கும் வறுமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அம்மா வேலைக்குப் போக முடியாது. இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று வரும், அதற்கும் செலவு. மேலே சொன்ன நோய்க் கணக்கு இங்கேயே தொடங்குகிறது.

“தமிழ்நாட்டுல வறுமை எங்கே இருக்கு?”

நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில், 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 2.2 சதவீதம் பேர்தான் ஏழைகள். பெருமைப்படத் தக்க எண் அது. ஆனால் அந்தக் குறியீடு படிப்பு, சத்துணவு, கேஸ், கரண்ட், கழிப்பறை, வங்கிக் கணக்கு போன்றவற்றைத்தான் பார்க்கிறது. வருமானத்தைப் பார்ப்பதில்லை, கடனையும் பார்ப்பதில்லை. கேஸ் அடுப்பும் டிவியும் வங்கிக் கணக்கும் வைத்திருந்து தண்டலில் மூழ்கிக் கிடக்கும் கொத்தனார் குடும்பம் அதில் ஏழையாகவே வராது. மிச்சமிருக்கும் வறுமையும் ஒரு பெரிய கம்பெனி வந்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் திருச்சியிடம் பதில் உண்டு. பெல் (BHEL) ஆலையின் ஆர்டர் குறைந்தபோது அதை நம்பியிருந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் என்ன பாடுபட்டன என்று துவாக்குடியில் கேட்டால் சொல்வார்கள்.

புத்தூர் இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வீட்டு வேலை செய்பவர்களுக்கு 2007 முதலும், கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அதற்கும் முன்பிருந்தும் நலவாரியம் இருக்கிறது. பதிவு செய்து, தவறாமல் புதுப்பித்துவந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு நிதி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் கிடைக்கும். பலர் பதிவே செய்யவில்லை, செய்தவர்களில் பலர் புதுப்பிக்கவில்லை. குடியிருப்போர் சங்கங்களும் மகளிர் குழுக்களும் பிஷப் ஹீபர் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவுக்கு ஒரு மேசை போட்டு, நலவாரியத்துக்கும் காப்பீட்டு அட்டைக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால், ஆள் படுப்பதற்கு முன்பே அட்டை கைக்கு வந்துவிடும்.

மேசை போடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் இந்த வாரமே கேளுங்கள்: காப்பீட்டு அட்டை இருக்கிறதா, நலவாரியப் பதிவு உயிரோடு இருக்கிறதா? இல்லை என்றால் சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் லீவு கொடுங்கள். முடிந்தால் நீங்களே கலெக்டர் ஆபீசுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.