பிள்ளை அடம் பிடித்தால் அடிக்கலாமா?



விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடி, பால் மரமோ செம்பனையோ அன்றைய வேலையை முடித்து, உடம்பு நோக வீடு திரும்புகிறீர்கள். அந்த நேரம் பார்த்து மூன்று வயதுப் பிள்ளை கடை வாசலில் மிட்டாய் கேட்டு மண்ணில் புரண்டு அழுகிறது. பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள். மானம் போகிறது. "எந்திரிடா சனியனே" என்று முதுகில் இரண்டு வைக்கிறோம். பிள்ளை இன்னும் பெரிதாக அலறுகிறது. இது எந்த லயத்தில் நடக்காத கதை?

அடித்து வளர்த்தால்தான் பிள்ளை உருப்படும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அடித்தால் பிள்ளை அடங்குவது உண்மைதான்; பயத்தில் அடங்குகிறது. கோபம் வந்தால் என்ன செய்வது என்பதை அது கற்றுக்கொள்ளவில்லை. பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. மறுநாள் அதே பிள்ளை தம்பியைக் கடித்து வைக்கும்போது, "இத எங்க கத்துக்கிட்டான்?" என்று நாமே கேட்கிறோம்!

கோபத்தை அடக்கி, "கொஞ்சம் பொறு" என்று நமக்குள்ளே சொல்கிற வேலையைச் செய்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. அது முழுமையாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகிறது. 2 வயதுப் பிள்ளைக்கு ஆசை நிறைய உண்டு. அதைச் சொல்ல வார்த்தை இல்லை, அடக்க மூளையில் பலமும் இல்லை. பிரேக் இல்லாத சைக்கிள் மேட்டிலிருந்து இறங்குவதைப் போலத்தான். ஆகவே ஒன்றரை வயதில் தொடங்கும் இந்த அடம் 2, 3 வயதில் உச்சத்துக்குப் போகும். பேச்சு நன்றாக வந்த பிறகு, 4 வயதுக்கு மேல் பெரும்பாலும் குறைந்துவிடும். உங்களை அவமானப்படுத்த வேண்டும் என்று பிள்ளை திட்டம் போட்டு அழுவதில்லை.

அந்த நேரத்தில் என்ன செய்வது? முதலில் நம் குரலை இறக்க வேண்டும். பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். "மிட்டாய் வேணும், அம்மா தரல, அதான் கோவம் வந்துடுச்சு, இல்ல?" என்று அதன் மனசில் இருப்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் 'கோவம்' என்ற சொல் பிள்ளையின் வாயில் வரும். சொல் வந்துவிட்டால் கையும் காலும் பேச வேண்டிய அவசியம் குறையும். பிள்ளை அடிக்க வந்தால் கையை மெல்லப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அழுகையின் நடுவே நீண்ட புத்திமதி காதில் ஏறாது. பெரும்பாலான அடம் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். ஓய்ந்ததும் அணைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. அழுதான் என்பதற்காக அந்த மிட்டாயை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நாள் கொடுத்து ஒரு நாள் மறுத்தால், இன்னும் பலமாக அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கணக்குப் போடும். அம்மா "இல்லை" என்றதைப் பாட்டி முந்தானையில் ஒளித்துக் கொடுப்பதும் இதே கதைதான். வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும்.

"மிஸ்ஸிகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் பழக்கமும் வேண்டாம். நாளை காய்ச்சல் என்றால் அந்த மிஸ்ஸியிடம்தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

அடம் வருமுன்னே தடுக்கவும் வழி உண்டு. பசியும் தூக்கக் குறைவும்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். 3, 4 வயதுப் பிள்ளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நாம் வேலைக்குப் போவதற்காகக் காலை 5 மணிக்குப் பிள்ளையை எழுப்பி ஆயாவிடமோ பாட்டியிடமோ விடுகிறோம். இரவு 8 மணிக்கே படுத்திருந்தாலும் 9 மணி நேரம்தான் ஆகிறது. பகலில் ஒன்றரை மணி நேரம் தூங்கினால்தான் கணக்குச் சரியாகும். 10 மணி வரை தொடர் நாடகமும் கைப்பேசியும் ஓடுகிற வீட்டில் அந்தப் பிள்ளை மறுநாள் எப்படி இருக்கும்? அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கையில் கொடுப்பதும் மிட்டாய் கொடுப்பதைப் போலத்தான்.

சில பிள்ளைகள் கோபத்தில் வீறிட்டு அழுது, அப்படியே மூச்சை அடக்கி, உதடு நீலம் பாரித்து மயங்கிவிடும். பார்ப்பவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். பேயும் இல்லை, கண்ணேறும் இல்லை. பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானே திரும்பும். முதல் தடவை இப்படி நடந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் உடனே ஆஸ்பத்திரி. இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு இது அதிகம் வருவதால் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். சோற்றோடு தேத்தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். உணவில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேராமல் அது தடுக்கிறது. ஈரல், மீன், கீரை கொடுத்து, கூடவே ஒரு துண்டு கொய்யாப்பழம் கொடுங்கள்.

நமக்கே கோபம் தலைக்கேறினால்? பிள்ளையைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடியுங்கள். அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள். கைக்குழந்தையை ஒருபோதும் பிடித்துக் குலுக்காதீர்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்து உயிரே போகலாம், பிழைத்தாலும் கண் பார்வை போகலாம். குடித்துவிட்டு வந்திருக்கும் நேரத்தில் பிள்ளையைக் கண்டிக்கப் போக வேண்டாம், தகப்பன்மார்களே.

5 வயதாகியும் தினமும் அடம் நீடித்தால், தலையைச் சுவரில் மோதிக் காயப்படுத்திக்கொண்டால், 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், பேசிய சொற்களை மறந்தால், கூப்பிட்டும் திரும்பாவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் கோபக்காரப் பிள்ளையாகத்தான் நம் கண்ணுக்குத் தெரியும். போகும்போது தடுப்பூசி எழுதிய அந்தப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.