டெலீட் பண்ணாதே, தங்கச்சி!

உன் முகத்தை ஏ.ஐ. ஆப்பில் போட்டு ஆபாசப் படமாக்கி யாராவது சுற்றில் விட்டுவிட்டால், பதற்றத்தில் கை நேராக டெலீட்டுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறு. அனுப்பியவன் யார் என்று காட்டும் தடயம் உனக்கு வேண்டும். எந்த ஐடியிலிருந்து வந்தது, அந்த புரொஃபைலின் லிங்க், தேதி, நேரம், மிரட்டியிருந்தால் அந்த மெசேஜ், எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடு. வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அந்த நம்பர் தெரியும் பக்கத்தையும் சேர்த்து எடு. பிளாக் செய்வது அதற்குப் பிறகுதான்.

உனக்கு 18 வயது ஆகவில்லையென்றால் ஒன்றைக் கவனி. "பாருடி, என்ன பண்ணி வெச்சிருக்கான்" என்று நெருங்கிய தோழிக்குக்கூட அந்தப் படத்தை அனுப்பிவிடாதே. சிறார் ஆபாசப் படத்தைப் பரப்புவது ஐ.டி. சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். போனை நேராகப் பெரியவர் ஒருவர் கையில் கொடு.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் பல பெண்கள் திணறிப் போகிறார்கள். போனைப் பிடுங்கிவிடுவார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் இந்தப் பயத்தைத்தான். அம்மாவிடம் வாய் வரவில்லையா, சித்தியிடம் போ, அத்தையிடம் போ, நம்பிக்கையான மிஸ் இருந்தால் அவரிடம் போ. யாருமே இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடு. "இது நான் எடுத்த படம் இல்லை, என் முகத்தை ஒட்டியிருக்காங்க" என்று ஆரம்பித்தால் போதும், மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

இதைப் படிக்கும் அம்மாக்களே, "நீ ஏன் போட்டோ போட்டே?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பள்ளி ஆண்டுவிழா குரூப் போட்டோ ஒன்றே இந்த ஆப்களுக்குப் போதும். "பொய்ப் படம்தானே, விடு" என்றும் சொல்லாதீர்கள். நாளைக்கு வகுப்புக்குள் நுழையும்போது இத்தனை பேரும் அதைப் பார்த்திருப்பார்களே என்ற நினைப்பு அவளைச் சாப்பிட விடாது, தூங்க விடாது. சில நாள் அவள் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

படத்தை நீக்க இலவச வழி உண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் 'டேக் இட் டவுன்' இணையதளம், மேலே என்றால் 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' இணையதளம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உன் போனிலேயே அதற்குக் கைரேகை மாதிரி ஒரு குறியீடு உருவாகும், அது மட்டும்தான் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். தனி சாட்டில் ஓடுவதை இது பிடிக்காது. அதனால் அந்தந்த ஆப்பிலும் ரிப்போர்ட் செய். மார்பிங் செய்த படம் பற்றிப் புகார் வந்தால் தளங்கள் குறித்த கெடுவுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 ஐ.டி. விதிகளே சொல்லியிருக்கின்றன.

பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே, கொடுத்தால் மறுபடி கேட்பான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிடு. போலீஸ் புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், "எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

தம்பி, நீயும் கேள். ஸ்பெயினில் அல்மென்ட்ராலெஹோ என்ற சின்ன ஊரில் 2023-ல் பள்ளிப் பையன்கள் கூடப் படிக்கும் பெண்களின் இன்ஸ்டாகிராம் படங்களை இப்படி நிர்வாணமாக்கி வாட்ஸ்அப் குரூப்பில் பரப்பினார்கள். விளையாட்டுக்குத்தான் செய்திருப்பார்கள் என்று யாரும் விட்டுவிடவில்லை. 2024-ல் சிறார் நீதிமன்றம் 15 பேரை ஒரு வருடக் கண்காணிப்பில் வைத்தது. உன் குரூப்பில் அப்படி ஒன்று விழுந்தால் சிரிப்பு எமோஜி போடாதே, ஃபார்வர்ட் செய்யாதே. யார் போட்டது என்று குறித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடமோ ஆசிரியரிடமோ சொல். உன் பெயர் வெளியே தெரியக் கூடாதென்றால், மத்திய அரசின் சைபர் கிரைம் போர்ட்டலில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலே புகார் பதியலாம்.