ஒரே ஆசனப் பட்டி, வேறு வேறு சட்டம்

ஆசனப் பட்டி உயிர் காக்கும் என்பதில் இன்று ஐயமில்லை. காரின் முன்னாசனத்தில் இருப்பவர் அதனை அணிந்திருந்தால், விபத்தில் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 45 வீதம் குறைகிறது என ஐக்கிய அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்புத் துறையினர் கணித்துள்ளனர். அப்படியாயின் சட்டம் ஒன்றை இயற்றிவிட்டால் போதுமே என நாம் எண்ணலாம். அந்நாட்டின் அனுபவமோ வேறாக இருக்கிறது.

அங்கே ஒவ்வொரு மாநிலமும் இதற்குத் தனித்தனியே சட்டம் இயற்றுகிறது. 1984இல் நியூயோர்க் மாநிலம் வழிகாட்டியது. பின்வந்த பல மாநிலங்கள் சட்டத்தை இயற்றும்போதே அதன் பல்லைப் பிடுங்கிவிட்டன. சாரதி பட்டி அணியவில்லை எனக் கண்ணாற் கண்டாலும், அதற்காக மட்டும் பொலிஸார் வாகனத்தை மறிக்க முடியாது. வேகம், எரியாத விளக்கு என வேறொரு குற்றத்துக்காக மறித்த பின்னரே இதற்கும் தண்டம் விதிக்கலாம். பிடிபடுவோம் என்ற பயம் இல்லாத இடத்தில் பட்டி ஆசனத்தின் ஓரத்திலேயே தொங்கும்!

மிச்சிக்கன் மாநிலம் 2000ஆம் ஆண்டில் இக்கட்டுப்பாட்டை நீக்கியது. முந்திய ஆண்டில் 70 வீதமாயிருந்த பட்டி அணிவோர் தொகை அவ்வாண்டிலேயே 80 வீதத்தைத் தாண்டியது. 2002இல் வாஷிங்டன் மாநிலமும் அவ்வாறே செய்தது. 83 வீதம் 93 ஆயிற்று. பட்டியும் மக்களும் மாறவில்லை. மாறியது பொலிஸாரின் அதிகாரம் மட்டுமே. நியூ ஹாம்ஷயரில் மட்டும் வளர்ந்தோருக்கு இன்றுவரை இச்சட்டமே கிடையாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் மாத்திரமே அணிய வேண்டும்.

கிராமப்புறங்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. அங்கே வீதிகள் ஒடுங்கியவை, வேகம் அதிகம், வைத்தியசாலை தூரம். பட்டி மிகவும் தேவைப்படுவது அங்கேதான். ஆயினும் நகரத்தவரை விடக் கிராமத்தவரே அதனைக் குறைவாக அணிகின்றனர். சட்டமும் சில இடங்களில் அவர்களைக் கைவிட்டது. ஜோர்ஜியா மாநிலத்தில் 1996 முதல் இதற்காக மட்டுமே வாகனத்தை மறிக்கும் அதிகாரம் பொலிஸாருக்கு இருந்தது. ஆனால் பிக்கப் வாகனங்களுக்கு விலக்கு! கமக்காரரின் தொழில் வாகனம், அடிக்கடி ஏறி இறங்க வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். கமக்காரருக்குச் சலுகை என்றே பலர் இதனை எண்ணியிருப்பர். உண்மையில் பிக்கப் போன்ற வாகனங்கள் எளிதிற் புரள்பவை. அவற்றில் பட்டி மரண அபாயத்தை 60 வீதமளவு குறைக்கிறது, அதாவது காரிலும் பார்க்கக் கூடுதலாக. அந்த விலக்கு 2010ஆம் ஆண்டு வரை நீடித்தது.