பாட்டில் துண்டு காட்டை எரிக்குமா?

பிப்ரவரி பிறந்து, பந்திப்பூர், நாகரஹொளே காடுகள் இலையுதிர்ந்து நிற்கத் தொடங்கியதும் மைசூருவில் ஆண்டுதோறும் ஒரு வதந்தி கிளம்பிவிடுகிறது: ஊட்டி செல்லும் சுற்றுலாப் பயணிகள் சாலையோரம் வீசும் மதுபாட்டில்களின் உடைந்த துண்டுகள் லென்ஸாக வேலை செய்து, வெயிலைக் குவித்து, காட்டுக்குத் தீ வைக்கின்றன என்பதே அது. சாமுண்டி மலைச் சரிவில் புல் எரிந்தாலும் இதே விளக்கம்தான். ஒளியியல் பாடம் நடத்துபவர்கள்கூட இதைக் கேட்டுத் தலையாட்டுவது எரிச்சலூட்டுகிறது. பத்தாம் வகுப்புப் பாடநூலில் உள்ள குவிலென்ஸின் படத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தவர் எவரும் இந்தக் கதையை நம்ப இயலாது.

லென்ஸ் வெப்பத்தை உண்டாக்குவதில்லை; தன் பரப்பின் மீது விழும் ஒளியைச் சிறு வட்டத்துக்குள் ஒடுக்குவது மட்டுமே அதன் வேலை. நடுவில் தடித்து விளிம்பில் மெலிந்திருக்கும் குவிலென்ஸின் வழியே செல்லும் இணைகதிர்கள் ஒன்றுகூடும் இடம் குவியம் எனப்படும். லென்ஸிலிருந்து அதுவரை உள்ள இடைவெளி குவியத் தொலைவாகும். சூரியன் வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலத்துக்குத் தெரிவதால், குவியத்தில் விழுவது வெறும் புள்ளியன்று, குவியத் தொலைவில் 108-இல் ஒரு பங்கு விட்டமுள்ள சூரிய பிம்பமாகும். 10 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. குவியத் தொலைவும் கொண்ட ஒரு லென்ஸ், 2 மி.மீ.க்கும் குறைந்த வட்டத்தில் ஒளியைச் சேர்க்கும். அங்கே ஒளியின் செறிவு இரண்டாயிரம் மடங்குக்கு மேல் உயர, கரிபடிந்த பஞ்சு நொடிகளில் கனலத் தொடங்கும். அதே லென்ஸை 2 செ.மீ. முன்னோ பின்னோ நகர்த்தினால் வட்டம் 1 செ.மீ.க்கும் மேலாக விரிந்து, செறிவு நூறு மடங்குக்கும் கீழே சரிந்துவிடும். சூரியகாந்தக் கல்லைப் பஞ்சு சூழ்ந்திருந்தாலும் கல் தானாக அதைச் சுடாது, சூரியன் முன்னிலையில்தான் சுடும் என்னும் உவமையைத் திருமூலர் திருமந்திரத்தில் கையாண்டிருப்பதால், கல்லுக்கென்று தனி நெருப்பு கிடையாது என்பது தமிழருக்குப் பழைய செய்திதான்.

இனி பாட்டிலைப் பார்க்கலாம். சுவர் வளைந்திருப்பதாலேயே அது லென்ஸ் என்று கொள்வதுதான் முதற்பிழை. கண்ணாடிச் சுவரின் உட்புறமும் வெளிப்புறமும் ஏறத்தாழ ஒரே அளவில் வளைந்திருப்பதால், ஒரு பரப்பில் திரும்பும் கதிர் மறுபரப்பில் நிமிர்ந்து, குவியாமலே வெளியேறிவிடுகிறது. அடிப்பகுதி தடிப்பானது என்றாலும் பெரும்பாலும் உள்நோக்கிக் குழிந்தும் மேடுபள்ளமாகவும் இருப்பதால், ஒளியைச் சேர்ப்பதைவிடச் சிதறடிப்பதே அதற்கு எளிது. ஆயிரத்தில் ஒரு கோணல் துண்டு சற்றே குவித்தாலும், காய்ந்த இலை அதன் குவியத்தில் சரியாக, கதிர் வரும் திசையில், அசையாமல் இருந்தாக வேண்டும். தரையில் கிடக்கும் துண்டோ இலையோடு ஒட்டிக் கிடக்கிறது, விரைவிலேயே புழுதி படிந்து மங்கியும் போகிறது.

வானிலை ஆய்வு நிலையங்களில் வெயில் காயும் நேரத்தைப் பதிவதற்கென்று ஒரு கருவி உண்டு. சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள மாசற்ற கண்ணாடிக் கோளம் ஒன்று, தன் குவியத்துக்கு ஏற்ப வளைத்துச் செய்த உலோகத் தாங்கியில் செருகப்பட்ட அட்டையின் மீது, சூரியன் நகர நகரக் கருகிய கோடு ஒன்றை இழுத்துக்கொண்டே போகும். மேகம் மறைத்த நேரத்தில் கோடு அறுந்துவிடும். கோளம் தன் இடத்திலிருந்து சற்று விலகினாலும் பதிவு கெட்டுவிடும். தேர்ந்த கருவிக்கே இத்தனை பத்தியம் தேவைப்படும்போது, உடைந்த பீர் பாட்டில் அதைத் தற்செயலாகச் சாதித்துவிடும் என்பவர்களிடம் ஒரு துண்டையும் ஒரு கைப்பிடிச் சருகையும் கொடுத்து நண்பகல் வெயிலில் உட்காரவைப்பதே தக்க மறுமொழி.

நம் நாட்டுக் காட்டுத்தீயில் மிகப்பெரும்பகுதி மனிதரால் மூள்வது என்பது வனத்துறையினர் பலகாலமாகச் சொல்லிவருவதே. 2019 பிப்ரவரியில் கோபாலசாமி மலைப்பகுதியில் பரவி, விமானப்படை ஹெலிகாப்டர்கள் நீர் ஊற்றி அணைக்க நேர்ந்த பந்திப்பூர்த் தீயையும் அதிகாரிகள் மனிதர் வைத்த தீ என்றே கூறினர். புதுப்புல் தளிர்க்கட்டும் என்று மேய்ப்பவர் வைப்பதும், அணைக்காமல் எறியும் பீடியும், துறையின் மீதான பகையும் காரணங்களாக இருக்க, காய்ந்த உண்ணிச்செடிப் புதர்கள் அந்தத் தீயை மரத்தின் மேல்வரை ஏற்றிவிடுகின்றன. கண்ணாடித் துண்டின் மீது வழக்குப் போட முடியாது என்பதே இந்த வதந்தி எல்லோருக்கும் வசதியாக இருப்பதற்குக் காரணம். காட்டில் பாட்டில் வீசக் கூடாது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் 2022-இல் நீலகிரி மாவட்ட மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் கொடுத்துவிடும் முறை வந்தது யானையின் பாதத்தில் கண்ணாடி ஏறுவதைத் தடுப்பதற்கே, லென்ஸைக் கண்டு அஞ்சியன்று.

நீர் நிரம்பிய உருண்டைக் குடுவையும் அலங்காரக் கண்ணாடி உருண்டையும் மெய்யாகவே லென்ஸ்கள். அஞ்ச வேண்டியவர் அவற்றைச் சன்னல் திரைக்கு அருகே வெயிலில் வைத்திருப்பவர்தான்.

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிக இடம் தேவையில்லை. நண்பகலில் நீர் ஊற்றினால் துளிகள் லென்ஸாகி இலையைப் பொசுக்கும் என்பதை ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்து 2010-இல் வெளியிட்டனர்: வழவழப்பான இலைகள் பொசுங்கவில்லை, துளியை உயர்த்திப் பிடிக்கும் மயிரிழைகள் கொண்ட இலைகளில் மட்டுமே அதற்கு வாய்ப்புண்டு. கிட்டப்பார்வைக்கான மூக்குக்கண்ணாடி ஒளியை விரிக்கும் குழிலென்ஸ் ஆதலால், அதைக் கொண்டு எவரும் தீ மூட்ட முடியாது. உருப்பெருக்கும் ஆற்றல் கூடினால் சூடும் கூடும் என்று நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் சிறு லென்ஸை வாங்குவது வீண்செலவு. சேரும் ஒளியின் அளவைத் தீர்மானிப்பது லென்ஸின் பரப்பே.

பரப்பின் கணக்கை மறந்ததால் விளைந்த இன்னொரு மயக்கம், லென்ஸால் குடும்பத்துக்கே சமைத்துவிடலாம் என்பது. மேற்சொன்ன 10 செ.மீ. லென்ஸின் மீது நல்ல வெயிலில் விழுவது சுமார் 8 வாட் மட்டுமே. ஒரு லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து கொதிநிலைக்கு உயர்த்த, சிறிதும் வெப்பம் சிந்தாவிட்டாலும், பதினொரு மணிநேரம் ஆகும், அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரு சதுர மீட்டர் அளவுள்ள பிரெனெல் லென்ஸ், அதாவது வளைபரப்பை மெல்லிய வட்டப் படிகளாக வெட்டித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் தகடு, இண்டக்‌ஷன் அடுப்பில் பாதியளவு ஆற்றலைத் தரக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் பிம்பம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தன் விட்டத்தளவு நகர்வதால் ஒருவர் கூடவே நின்று திருப்ப வேண்டும். பளபளக்கும் பாத்திரத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கும். உறை போடாமல் விட்டால் அந்தத் தகடே வைக்கோற்போருக்கு எமனாகும்.

ஆகவேதான் பெருஞ்சமையல் நடக்கும் இடங்கள் எவையும் லென்ஸை நாடவில்லை. ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடத்துக் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள, அசையாத ஆடிக்கிண்ணம் ஒன்று வெயிலைத் திருப்பியனுப்ப, அதன் மேலே சூரியனோடு நகரும் ஏற்பி நீராவியை உண்டாக்குகிறது. ஷீர்டி சாயிபாபா கோவில் அன்னசாலையில் 2009-இல் 73 கிண்ண ஆடிகள் நிறுவப்பட்டன. ஆடியில் ஒளி தடித்த லென்ஸைக் கடக்க வேண்டியதில்லை, அடுப்புக்கு மேலே லென்ஸை அந்தரத்தில் தொங்கவிடவும் வேண்டியதில்லை. கர்நாடகத்தின் அக்ஷர தாசோஹ மதிய உணவுத் திட்டத்தில் அரிசியும் பருப்பும் வேகும் நேரம் காலை 9 முதல் நண்பகல் வரை, வெயில் ஏறும் நேரத்தோடு ஒத்திருக்க, மைசூரு மாவட்டத்துப் பெரிய பள்ளிகளின் கூரைகள் இன்னும் வெறுமையாகக் கிடப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஆடியும் லென்ஸும் சூரியனிலிருந்து நேராக வரும் கதிரை மட்டுமே குவிக்கும் என்பதால் தென்மேற்குப் பருவமழை மேகங்கள் கவியும் மாதங்களில் எரிவாயு துணைக்கு வேண்டும். சிறு பள்ளிகளுக்கு, கருப்பு வண்ணம் பூசி இரட்டைக் கண்ணாடி மூடியிட்ட பெட்டி அடுப்பு போதும். மூடியைத் திறந்தால் சூடு போய்விடும் என்பதால், நின்று கிளற வேண்டிய ராகிக் களியை மட்டும் அதில் செய்ய இயலாது, சோறும் சாம்பாருக்கான பருப்பும் இரண்டு மூன்று மணிநேரத்தில் தாமாகவே வெந்துவிடும்.