டிப்பர் லாரியும் மண்வெட்டு யந்திரமும்: கிராமத்து இளைஞர் தொழில் தொடங்கும் முறை

புதுச்சேரி நகரைச் சுற்றியுள்ள வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் முதலிய கொம்யூன்களில், ஏர் பிடித்த குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர் இக்காலத்தில் டிப்பர் லாரியையும் மண் வெட்டும் யந்திரத்தையும் நாடிச் செல்கின்றனர். நகரத்தில் வீடு எழும்பும் வரையில் மண்ணும் ஜல்லியும் அங்கே போய்ச் சேர வேண்டியிருக்கிறது. கிராமத்திலோ ஏரி தூர் எடுக்கவும், வாய்க்கால் திருத்தவும், மேட்டு நிலத்தைச் சமப்படுத்தவும் இதே வண்டிகள் வருகின்றன. ஆகையால் இத்தொழில் விவசாயிக்கு அந்நியமானதன்று. ஆயினும், “பையன் டிராக்டர் ஓட்டுகிறான், லாரியும் ஓட்டிவிடுவான்” என்று சாவியைக் கையில் கொடுத்துவிடும் வழக்கம், நிலத்தையே விற்கும்படி நேரும் துன்பத்தில் முடிவதுண்டு.

கிராமங்களில் எந்த மண்வெட்டு யந்திரத்தையும் பொக்லைன் என்றோ ஜே.சி.பி. என்றோதான் அழைக்கிறார்கள். இரண்டும் கம்பெனிப் பெயர்களே. பொக்லைன் என்பது 1927-ம் வருஷத்தில் விவசாயக் கருவிப் பட்டறையாகப் பிரான்சில் தோன்றியது. ஜே.சி.பி. கம்பெனி 1945-ல் இங்கிலாந்தில் முதன்முதல் செய்து விற்றதும், விவசாயிகளுக்கான கவிழ்க்கும் டிரெயிலர்தான். பொக்லைன் என்பது பிரெஞ்சுப் பெயராயினும், பிரெஞ்சு ஆட்சியோடு புதுச்சேரிக்கு வந்த சொல்லன்று. 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறி நெடுநாள் கழிந்த பின்பு, லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனி அவ்வகை யந்திரங்களை இந்தியாவிலேயே செய்ததால் தமிழ் வழங்கும் ஊர்களெங்கும் பரவியது அது.

முதலில் உரிமத்தைப் பற்றி அறிவது அவசியம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, டிராக்டர், கார் முதலிய இலகு ரக வாகனங்களுக்கு 18 வயது நிறைந்தால் உரிமம் பெறலாம். பாரம் ஏற்றும் போக்குவரத்து வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவதற்கு 20 வயது நிறைய வேண்டும். அதற்குரிய பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர்., இலகு ரக உரிமத்தை ஒரு வருஷமாவது வைத்திருந்தவருக்கே கொடுக்கப்படும். டாக்டரின் சான்றும் வேண்டும். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். பெற்ற நாளிலிருந்து 30 நாள் கழிந்தே ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டுமென்ற பழைய நிபந்தனை 2019-ல் நீக்கப்பட்டதால், படிப்பை நடுவில் நிறுத்தியவரும் இவ்வழியில் வரலாம். பள்ளியை விட்ட பிள்ளைக்கு இது பெரிய வாசல். எனினும் சாலைக் குறிகளையும் யந்திரக் கைப்புத்தகத்தையும் வாசிக்கத் தெரியாதவன் தொழிலில் உயர்வது கஷ்டம்.

மேற்சொன்ன ஒரு வருஷத்தை வீண் காலமென்று இளைஞர்கள் எண்ணி, யாராவது ஒரு டிரைவருடன் கிளீனராகச் சேர்ந்து, இரவு வேளையில் லாரியை நகர்த்திப் பார்க்கிறார்கள். இது தவறு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சிறு பார வண்டிகளை இலகு ரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாமென்று 2024 நவம்பர் 6-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே அந்த வருஷத்தில் சிறு வண்டியில் நெல்லும் எருவும் ஏற்றி, பாரத்தோடு பிரேக் பிடிப்பதும், கண்ணாடி பார்த்துப் பின்னால் எடுப்பதும் முறையாகவே பழகலாம். பின்னர் கனரகப் பயிற்சிக்கு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சேர்வது நலம். நாமக்கல்லில் அசோக் லேலண்டு கம்பெனியின் டிரைவர் பயிற்சி நிலையம் உள்ளது.

லாரி ஓட்டுவது ஒரு வித்தை. மண்வெட்டு யந்திரத்தை நடத்துவது வேறொரு வித்தை. முன்புறம் வாரியும் பின்புறம் தோண்டும் கையும் உள்ள ரப்பர் சக்கர யந்திரம் சாலையில் தானே ஓடிச் செல்வதால், அதன் பதிவுச் சான்றில் கண்ட வகைக்கும் எடைக்கும் ஏற்ற உரிமம் இருந்தே தீர வேண்டும். சங்கிலிச் சக்கர யந்திரம் டிரெயிலரில் ஏற்றிக் கொண்டுபோகப்படுவது. எந்த வகையானாலும், உரிமம் மட்டும் ஒருவனை ஆபரேட்டர் ஆக்கிவிடாது. அனுபவசாலியான ஆபரேட்டரிடம் சில மாதம் இருந்து, காலையில் என்ஜின் எண்ணெயும் ஹைட்ராலிக் எண்ணெயும் பார்ப்பது, ஒவ்வொரு பின்னுக்கும் கிரீஸ் ஏற்றுவது, குழாய்களில் கசிவு உண்டா என்று அட்டையை வைத்துப் பார்ப்பது ஆகியவற்றை முதலில் கற்க வேண்டும். கசியும் எண்ணெய் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடுமாதலால், விரலால் தடவிப் பார்க்கலாகாது. அப்புறமே நெம்புகோலில் கை வைக்கலாம்.

தோண்டும்போது நான்கு விஷயங்கள் முக்கியம். பின்புறத் தாங்குகால்களை உறுதியான தரையில் ஊன்ற வேண்டும். கை சுழலும் வட்டத்துக்குள் ஆளை விடக்கூடாது. வேடிக்கை பார்க்கவரும் சிறுவர்களே இதில் பெரும்பாலும் சிக்குகிறார்கள். ஏரிக்கரையின் நுனியில் யந்திரத்தை நிறுத்தலாகாது. பாகூர் ஏரி போன்ற பழைய ஏரிகளின் கரை, மேலே வறண்டு காட்சியளித்தாலும் உள்ளே ஈரம் பிடித்திருக்கும். வேலை நிறுத்தும்போது வாரியைத் தரையில் இறக்கிவிட்டே கீழே இறங்க வேண்டும்.

டிப்பர் லாரிக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டியைத் தூக்கும்போது ஒரு பக்கச் சக்கரம் புதைந்தால், ஈர மண் ஒட்டிக்கொண்டு சரியாமல், வண்டியே கவிழ்ந்துவிடும். வயலோரத்து மின்கம்பியை நிமிர்ந்து பாராமல் பெட்டியைத் தூக்குவோரும் உண்டு. கம்பி பட்டுவிட்டால், நெருப்புப் பற்றாத வரையில் டிரைவர் இருக்கையை விட்டு அசையாமல், மின்சாரத்தை நிறுத்தும் வரை இருக்க வேண்டும். இறங்கியே ஆக வேண்டுமாயின் வண்டியையும் நிலத்தையும் ஒருசேரத் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமலே தத்தித் தத்தி விலக வேண்டும்.

பார விஷயத்தில் ஒரு கணக்கு: மண் வியாபாரத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஏரி வண்டல் ஈரமாயிருந்தால் ஒரு யூனிட் சுமார் 5 டன் இருக்கும். காலி வண்டி 6½ டன் என்று வைத்து 3 யூனிட் ஏற்றினால் மொத்தம் 21½ டன். இரண்டு அச்சு லாரிக்கு 2018 முதல் அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 18½ டன். பல வண்டிகளின் பதிவுச் சான்றில் அதனினும் குறைவாகவே இருக்கும். 2019-ம் வருஷத்துத் திருத்தப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆக இந்த ஒரு நடைக்கு 26,000 ரூபாய் போகிறது. வாடகையோ அதில் ஒரு சிறு பங்குகூட இராது. காய்ந்த மண்ணுக்குப் பழகிய கண்ணால் ஈர மண்ணை அளப்பதே பிழைக்குக் காரணம்.

வண்டிச் சொந்தக்காரரான மிராசுதார் தனியே கவனிக்க வேண்டியதும் உண்டு. உரிமமில்லாதவனிடம் வண்டியைக் கொடுத்தால், கொடுத்தவரும் குற்றவாளியே. 18 வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பெற்றவருக்கோ சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அப்பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. விபத்தில் உயிர்ச்சேதம் நேரின், காப்புறுதிக் கம்பெனி நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு, அத்தொகையைச் சொந்தக்காரரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிப்பதுண்டு. நிலம் கைமாறுவது இந்த இடத்தில்தான். விவசாய உபயோகத்துக்கென்று காப்புறுதி செய்த டிராக்டரில் பிறர் மண்ணை வாடகைக்கு அடிப்பதும் இத்தகைய வழக்குக்கே இடம் தருகிறது.

கிராம உத்தியோகஸ்தர்கள் ஏரி வண்டலுக்கு அனுமதி தரும் சமயத்தில், எடுக்கும் ஆழத்தையும் இடத்தையும் மட்டுமன்றி, வரும் வண்டியின் பதிவுச் சான்றையும் ஓட்டுபவரின் உரிமத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். 1999-ல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டத்தில் புதுவைப் பிரதேசத்தின் 84 ஏரிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஏரி மறுபடியும் தூர்ந்துகொண்டேயிருப்பதால் இவ்வேலை ஒழிவதில்லை.

ஆனால் வருஷமெல்லாம் வேலை இராது. மண் வேலை தை முதல் ஆனி வரை மும்முரமாக இருந்து, ஐப்பசி மழையோடு படுத்துவிடுகிறது. கடன் தவணையோ மழைக்காக நிற்பதில்லை. ஆகையால் முதல் இரண்டு வருஷமாவது பிறர் யந்திரத்தில் சம்பளத்துக்கு இருந்து, மீட்டர் காட்டும் வேலை மணியையும் டீசல் செலவையும் ஒரு நோட்டில் தினந்தோறும் எழுதிவந்து, அக்கணக்கைக் கொண்டே சொந்த யந்திரம் வாங்குவதைப் பற்றி யோசிப்பது உசிதம். மழை மாதங்களில் அவன் கையும் வீட்டுச் சம்பா நடவுக்கு உதவும்.