கேஸ் எங்கால போனது?

"அக்கா, கேஸ் குறைஞ்சு போச்சு. அடிச்சால் சரி." வெள்ளவத்தையில் ஏசி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு நன்றாகப் பழகியது. எங்கள் மாடிக்குடியிருப்பில் வருடக்கணக்காக நான் பார்த்து வருவதில், ஏசி திருத்தவென்று வீணாகப் போகும் காசில் பெரும்பங்கு இந்த ஒரு வசனத்தோடுதான் போகிறது. வந்தவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். ஆனால் அது பெற்றோல் போல எரிந்து தீர்கிற சாமான் அல்ல. செப்புக் குழாய்க்குள் மூடிய வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கேஸ், ஏசியின் ஆயுள் முழுவதும் அதே அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் அடித்தால், சில மாதத்தில் அதே ஆளைக் கூப்பிட்டு அதே காசை மறுபடி கொடுக்க வேண்டிவரும்.

அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி: "தம்பி, கேஸ் எங்கால போனது?" இதற்குப் பதில் தேடுகிறவர் வேலை தெரிந்தவர். குழாய்க்குள் நைதரசனை ஏற்றி, மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பார். பல சமயம் கசிவு, வெளி யூனிட்டில் குழாய் வந்து சேரும் நட்டிலேயே இருக்கும். அதைத் திருத்துவது பெரிய செலவில்லை. கசிவைச் சோதிக்க ஒட்சிசன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கக்கூடியது. கசிவை அடைத்த பிறகு வக்கூம் பம்பால் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கேஸ். அதையும் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். என்ன கேஸ், எத்தனை கிராம் என்பது வெளி யூனிட்டில் ஒட்டிய லேபலிலேயே இருக்கும்.

அந்த லேபலை இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். உப்புக்காற்றில் எழுத்து அழிந்துபோகும். ஆர்-22 என்று இருந்தால் உங்கள் ஏசி பழையது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைப்படி, ஓசோனைக் கெடுக்கும் இந்த வாயுவின் பாவனையை இலங்கை போன்ற நாடுகளும் 2030க்குள் ஏறக்குறைய முழுதாக நிறுத்த வேண்டும். இறக்குமதி குறையக் குறைய விலை ஏறும். ஆர்-22 ஏசிக்குள் ஆர்-410ஏ அல்லது ஆர்-32ஐ ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அழுத்தம் வேறு, உள்ளே ஓடும் எண்ணெய் வேறு. ஆர்-32 கொஞ்சம் தீப்பற்றக்கூடியது என்பதால், கேஸை முழுதாக எடுக்காமல் குழாயில் வெல்டிங் விளக்கைப் பிடிக்க விடக்கூடாது.

இனி எங்கள் ஊரின் சொந்த வியாதி. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள வீடுகளில் ஏசியின் முதல் எதிரி கடல்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை உப்பு நேராக வந்து வெளி யூனிட்டில் படிகிறது. அங்கே செப்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் ஒட்டியிருக்கின்றன. உப்பு ஈரம் பட்டால் இந்த இரண்டு உலோகத்துக்கும் இடையில் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். காலி வீதிக்கு அந்தப் பக்கம், ஹம்டன் ஒழுங்கையில் இருக்கும் உறவினர் வீட்டு ஏசியும் கடலைப் பார்த்த எங்கள் ஏசியும் ஒரே காலத்தில் வாங்கியவை. எங்களுடைய தகடுகள் விரல் பட்டாலே உதிர்ந்த காலத்தில் அவர்களுடையவை பளிச்சென்று இருந்தன. நல்ல தண்ணீரால், அழுத்தமில்லாமல், வெளி யூனிட்டை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் இந்த அரிப்பு கணிசமாகத் தாமதமாகும். சர்வீசுக்கு வருகிறவர்கள் உள்ளே இருப்பதை மட்டும் கழுவிவிட்டுப் போகப் பார்ப்பார்கள். வெளியில் இருப்பதையும் கழுவச் சொல்லி நின்று பாருங்கள்.

அந்த வெளி யூனிட் எங்கே தொங்குகிறது என்பதும் செலவுதான். எங்கள் பக்கத்துக் கட்டடங்கள் பலவற்றில் அது நாலாம் ஐந்தாம் மாடியின் வெளிச்சுவரில், கைக்கு எட்டாமல் இருக்கிறது. கயிறு கட்டி ஆள் இறங்க வேண்டும். சின்னப் பாகம் ஒன்றை மாற்ற, பாகத்தின் விலையைவிட இறங்குகிற கூலி கூடிவிடும். புதிதாகப் பூட்டுகிறவர்கள் பல்கனியில் கை எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இறங்குகிற பிள்ளைக்குப் பாதுகாப்புப் பட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு ஏசிக்காக யாரும் உயிரை விடத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனையில் என் தங்கை வீடு இருக்கிறது. ஜம்பட்டா வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும் தொல்லை வயரிங். விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்ட பழைய லைனில் ஏசியையும் கொழுவிவிடுகிறார்கள். வயர் சூடேறும், வோல்டேஜ் விழும், கடைசியில் இன்வர்ட்டர் போர்ட் எரியும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்திய காலத்தில், கரண்ட் திரும்பி வரும் நேரத்து அதிர்ச்சியில் பல வீடுகளில் போர்ட் போனது. கரண்ட் போனதும் ஏசியின் பிரேக்கரை இறக்கிவிட்டு, திரும்பி வந்து சில நிமிடம் கழித்து ஏற்றுவதே எங்கள் வழக்கம். ஏசிக்குப் பிரதான பெட்டியிலிருந்து தனி லைன் இழுக்கும் செலவு, ஒரு போர்ட்டின் விலையோடு பார்த்தால் பெரிதில்லை. போர்ட்டுக்குள் பல்லி புகுந்து ஷோர்ட் ஆவதும் நடக்கிறதுதான். எரிந்தது என்று சொன்னால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

விலை விபரம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சர்வீஸ், அடைபட்ட தண்ணீர்க் குழாய், கப்பாசிட்டர் எல்லாம் ஆயிரங்களில் முடியும். கசிவு அடைத்து முழுக் கேஸ் ஏற்றினால் பத்தாயிரத்தைத் தாண்டும். போர்ட்டும் கொம்பிரசரும் பல பத்தாயிரங்கள். புதிய ஏசி ஒரு இலட்சத்துக்கு மேல். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியபோது உதிரிப்பாக விலையும் ஏறியது, பழைய இடத்துக்கு அது இறங்கவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமானது. ஆகவே முதலில் மலிவான காரணங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஐஸ் பிடித்தால், நிறுத்தி உருகவிட்டு, பில்டரைக் கழுவிப் போட்டுப் பாருங்கள். காற்று ஓடாவிட்டாலும் ஐஸ் பிடிக்கும், கேஸ் குறைந்தாலும் பிடிக்கும். சாதாரண ஏசியில் வெளி ஃபேன் ஓடி, கொம்பிரசர் உறுமிவிட்டு நின்றால், கொம்பிரசர் போய்விட்டது என்று முடிவெடுக்க முன் கப்பாசிட்டரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். திருத்தச் செலவு புதியதன் பாதியைத் தொட்டால் நான் திருத்தமாட்டேன். பத்து வருடம் தாண்டிய ஆர்-22 ஏசி என்றால் மூன்றில் ஒரு பங்கிலேயே நிறுத்திவிடுவேன். கொம்பிரசருக்குப் பத்து வருட உத்தரவாதம் என்றால் அநேகமாகக் கொம்பிரசருக்கு மட்டும்தான். கேஸ், வெல்டிங், கூலி எல்லாம் உங்கள் கணக்கில் வரும். உத்தரவாத அட்டையை ஒருமுறை முழுதாக வாசியுங்கள்.

எனக்கு இதில் அதிகம் மனம் வருந்துவது எங்கள் கட்டடத்து முதியவர்களைப் பார்த்துத்தான். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். இவர்கள் இங்கே தனியே. திருத்த வருகிறவர் சிங்களத்தில் சொல்வது பாதி விளங்காது. வெக்கை தாங்காமல், "செய்யுங்கோ தம்பி, மகன் காசு அனுப்புவார்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லோடு விலை கூடுகிறது. என் மேல்மாடி அம்மாவுக்கு நான் ஒரு தாளில் எழுதி, ஏசியின் ரிமோட் வைக்கும் இடத்தில் ஒட்டிக் கொடுத்தேன்: வாங்கிய வருடம், கேஸின் பெயரும் கிராமும், கடைசியாகக் கேஸ் ஏற்றிய திகதி, கசிந்த இடம். அடியில், தமிழிலும் தமிழெழுத்தில் சிங்களத்திலும், பார்க்கும் கூலி எவ்வளவு, திருத்தினால் அதைக் கழிப்பீர்களா என்ற கேள்வி. மாற்றிய பழைய பாகத்தைத் தந்துவிட்டுப் போகச் சொல்லும் வரியும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதன் படத்தை அனுப்பிவைத்தோம். இப்போது அவர்கள் அங்கிருந்தே தொலைபேசியில் திருத்துபவரோடு நேராகக் கதைக்கிறார்கள்.

பற்றுச்சீட்டில் கேஸின் பெயர், கிராம், மாற்றிய பாகம், எத்தனை மாத உத்தரவாதம் என்பவை எழுதியிருக்க வேண்டும். "சர்வீஸ் அன்ட் கேஸ்" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்துப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிறகு பிரச்சினை வந்து, செய்தவர் தட்டிக் கழித்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். கையில் அந்தச் சீட்டு இருக்க வேண்டும்.